முடிந்து வைத்த புல்

அண்ணாச்சியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “குருசடி தாண்டி ரெண்டாவது முடுக்கு. பச்ச கேட். பெல் வேலை செய்யாது. பாட்டிக்கு காது கேக்காது, ஜன்னல்ல தட்டணும். ஒரு மணிக்கு மேல போவண்டாம், தூங்கிரும்.”

நான் எழுதும் நிரலில் இந்தப் பாட்டிக்கு ஒரு எண் உண்டு. 180. வண்டியை நிறுத்தி, பார்சலைக் கொடுத்து, திரும்ப வண்டியை எடுக்க ஆகும் நேரம், நொடிகளில். பாட்டிக்கும் அதுதான், பக்கத்து மளிகைக் கடைக்கும் அதுதான். மூன்று நிமிடம் என்று யாரோ ஒருநாள் ஒரு கூட்டத்தில் சொன்னார்கள், நான் தட்டச்சு செய்தேன். அவ்வளவுதான் அந்த எண்ணின் வரலாறு.

பெங்களூரில், டெலிவரி வண்டிகளுக்கு ரூட் போட்டுக் கொடுக்கும் மென்பொருள் எழுதுகிற ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அஞ்சுகிராமம். நாஞ்சில் நாட்டின் கிழக்கு ஓரம், கொஞ்சம் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டம் வந்துவிடும். கடந்த பொங்கலுக்குப் போயிருந்தபோது இரண்டு நாள் அண்ணாச்சியின் குட்டியானையில் கூடவே சுற்றினேன். ஐம்பது தாண்டியவர், கூரியர் பார்சல் ஓட்டுகிறார். அவர் போனில் இருப்பது எங்கள் ஆப் இல்லை, வேறொரு கம்பெனியுடையது. ஆனால் உள்ளே ஓடும் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். பகலில் வண்டி, ராத்திரியில் வாசிப்பதற்குக் கொண்டுபோயிருந்த பத்துப்பாட்டு. திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி மலைபடுகடாம் வாசிக்கும்போது பகலில் கேட்ட குரலையே திரும்பக் கேட்கிற மாதிரி இருந்தது.

*

காகித வரைபடம் நல்லதா, ஜி.பி.எஸ். நல்லதா என்று ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். வரைபடம் பார்த்து ஓட்டினால் ஊர் மனதில் பதியும், ஜி.பி.எஸ். குரலைக் கேட்டு ஓட்டினால் பதியாது என்பது ஒரு கட்சி. நேரம் மிச்சம், அதுதான் முக்கியம் என்பது இன்னொரு கட்சி. லண்டனில் இந்தச் சண்டைக்கு அர்த்தம் இருக்கிறது. அங்கே தெருப் பெயர் அச்சிட்ட வரைபடப் புத்தகத்தைச் சாதாரண டிரைவர் கையில் வைத்திருந்தார். அஞ்சுகிராமத்தில் எந்த டிரைவரின் கையில் அப்படியொரு புத்தகம் இருந்தது?

நம்மிடம் வரைபடம் இல்லாமல் இல்லை. அது நம்முடையதாக இருக்கவில்லை. 1802ல் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலை, இமயமலை வரை நீண்ட பெரும் வில்லாக வளர்ந்தது. அந்த வில்லின் தென்கோடிப் புள்ளி கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், ‘புன்னே’ என்று அவர்கள் குறித்த இடம், எட்டுப் பாகை ஒன்பது கலை வடக்கு. அதாவது உலகத்தின் மிகத் துல்லியமான அளவைகளில் ஒன்று எங்கள் ஊருக்கு ரொம்பப் பக்கத்தில் கால் ஊன்றியிருக்கிறது. ஆனால் அதிலிருந்து பிறந்த தாள்கள் ராணுவத்துக்கும் வருவாய்த் துறைக்கும்தான் போயின. சுதந்திரத்துக்குப் பிறகும் கடலோர, எல்லையோரத் தாள்கள் கட்டுப்பாட்டில் இருந்தன. 2005ல் தேசிய வரைபடக் கொள்கை வந்து பொதுமக்களுக்கென்று தனி வரிசை வெளியிட்டார்கள். 2021 பிப்ரவரியில்தான் விதிகள் பெரிய அளவில் தளர்ந்தன. அதற்குள் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது.

ஆகவே நம் ஊரில் ஜி.பி.எஸ். தோற்கடித்தது காகிதத்தை இல்லை, வாயை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. டீக்கடையில் கேட்பது, தபால்காரரிடம் கேட்பது, நிழல்தாங்கல் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் கேட்பது. வழி ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குப் போகும் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சுக்கு நம்மிடம் ஒரு முழு இலக்கிய வகையே இருக்கிறது.

*

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள், பாதிக்குப் பாதி. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், வறுமையோடு எதிரே வருகிறவனைப் பார்த்து, நான் போன இடத்துக்கு நீயும் போ என்று வழி சொல்வது. தொல்காப்பியம் புறத்திணையியலில் இதற்கு இலக்கணம் சொல்கிறது. இதைப் பள்ளியில் மனப்பாடப் பகுதியாக, வள்ளலைப் புகழும் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ரூட் சொல்லும் பாட்டாக யாரும் சொல்லித்தரவில்லை.

ஐந்தில் நீளமானது மலைபடுகடாம், 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. இன்றைய செங்கம் பக்கம் ஆண்ட நன்னனிடம் போகச் சொல்லும் பாட்டு. அதில் வழி சொல்கிற கூத்தன் எத்தனை காதம் என்று தொடங்குவதில்லை. அவன் சொல்வதெல்லாம் வேறு: பன்றிக்கு வைத்த பொறி வழியில் கிடக்கும், விடிந்த பிறகு நடங்கள். தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். பாம்பு இருக்கும் இடம் இது. பாசி வழுக்கும் இடம் அது, கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். இந்த ஊரில் இன்ன சோறு போடுவார்கள்.

வாசிக்கும்போது மூன்று விஷயங்கள் எனக்குப் பட்டன. ஒன்று, சொல்கிறவன் போய்வந்தவன். சொன்னது தப்பு என்றால் அவன் முகம் கேட்கிறவனுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு, கேட்கிறவன் யார் என்று சொல்கிறவனுக்குத் தெரிகிறது. பைகளில் வாத்தியங்களைச் சுமந்துகொண்டு, கூட விறலியரும் நடக்க, பசியோடு வருகிற கூட்டம் இது. வழி அந்தக் கூட்டத்தின் கால்களுக்கு ஏற்றபடி சொல்லப்படுகிறது. தனியாகக் குதிரையில் போகிறவனுக்கு வேறு பாட்டு. மூன்றாவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வழி பிரிந்து குழப்பும் இடங்கள் வரும், அங்கே பாதையைத் துடைத்துச் சரியான பக்கத்தில் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறான் கூத்தன். எதற்கு? பின்னால் வரும் புதியவர்களுக்கு. வழி கேட்டவன் பாதியிலேயே வழி சொல்கிறவனாக ஆகிவிடுகிறான்.

இதை நான் கொண்டாடிவிட்டு நிறுத்தினால் அது நேர்மையில்லை. ஆற்றுப்படை ஒரு விளம்பரமும்தான். எல்லா வழியும் ஒரு வள்ளலின் வாசலில் போய் முடிகிறது. வழியில் கிடைக்கும் சோறும்கூட அவன் பெருமைக்குக் கணக்கு வைக்கப்படுகிறது. இந்த வள்ளலுக்குப் பதில் அந்த வள்ளலிடம் போ என்று எந்த ஆற்றுப்படையும் சொல்லாது. இன்றைய ஆப்பும் தன் கம்பெனி வாசலுக்குத்தான் கூட்டிப்போகிறது. வித்தியாசம் வழியின் முடிவில் இல்லை. வழி யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. கூத்தன் இன்னொரு கூத்தனுக்குச் சொல்கிறான். அரசனுக்குச் சொல்வதில்லை.

*

இப்போது என் தரப்பு. எங்கள் தொழிலுக்கு அடிப்படையான இரண்டு கட்டுரைகளும் 1959ல் வந்தவை. ஒன்று டைக்ஸ்ட்ரா எழுதியது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குறுகிய வழி காண்பது பற்றி. இன்னொன்று டான்ட்சிக்கும் ராம்சரும் எழுதியது. ஒரு கிடங்கிலிருந்து பெட்ரோல் லாரிகளைப் பல பங்குகளுக்கு எப்படி அனுப்பினால் மொத்த தூரம் குறையும் என்பது அதன் கேள்வி. கேட்க எளிமை. ஆனால் நாற்பது வீடுகளை எந்த வரிசையில் போவது என்பதற்கு இருக்கும் சாத்தியங்களை எழுதினால் 48 இலக்க எண் வரும். அத்தனையையும் சோதிக்க எந்தக் கணினியாலும் முடியாது. நல்ல விடைக்குக் கிட்டத்தட்ட வருகிற உத்திகள்தான் எங்கள் பிழைப்பு. நான் இதை மதிக்கிறேன். கல்லூரியில் இந்தக் கணக்கு முதல்முறை புரிந்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு கூச்சம் வந்த ஆண்டும் உண்டு. 2021ல் அமேசானும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். அமெரிக்க நகரங்களில் டிரைவர்கள் உண்மையில் ஓட்டிய ஆயிரக்கணக்கான ரூட்களைக் கொடுத்து, புதிய ரூட்டில் அனுபவமுள்ள டிரைவர் எந்த வரிசையில் போவார் என்று கணிக்கச் சொன்னார்கள். மதிப்பெண், தூரம் எவ்வளவு குறைந்தது என்பதற்கு இல்லை, நல்ல டிரைவர் போன வரிசைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதற்கு. குறுகிய வழியை டிரைவர்கள் மீறுவது முட்டாள்தனத்தால் இல்லை என்று தொழிலே ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது. நிறுத்த இடம் எங்கே, எந்தத் தெரு எந்நேரம் அடைபடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதற்கு முன்பே, 2009ல், கூகுள் இந்திய வரைபடத்தில் அடையாளங்களைச் சேர்த்து வழி சொல்ல ஆரம்பித்தது. நம் ஆட்கள் தெருப் பெயரை வைத்து வழி சொல்வதில்லை, கோயிலையும் பெட்ரோல் பங்கையும் வைத்துத்தான் சொல்கிறார்கள் என்று கண்டுகொண்டார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் ஒரு முத்தாரம்மன் கோயில் இருக்கிறது. எந்த முத்தாரம்மன் என்று திருப்பிக் கேட்க ஆப்புக்குத் தெரியாது. பேச்சின் சொற்களை அது எடுத்துக்கொண்டது, பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை.

*

இரண்டாம் நாள் காலையில் அழகப்பபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஆப் குளத்தங்கரைப் பாதையில் திரும்பச் சொன்னது. அண்ணாச்சி நேரே போனார். போன் கத்திக்கொண்டே வந்தது.

“மழ பெய்ஞ்சு நாலு நாள்தான் ஆச்சு. கரை பொதபொதன்னு கெடக்கும். லோடு வண்டிய எறக்குனா டிராக்டர் கொண்டுவந்துதான் தூக்கணும்,” என்றார்.

“ஆப்புல அத சொல்ல வழி இல்லியா அண்ணாச்சி?”

“சொல்லுகதுக்கு எங்க எடம் இருக்கு? இந்தா பாரு.” போனைக் காட்டினார். ரூட் மாறிய எண்ணிக்கை, அந்த மாதம் பதினேழு. பத்தைத் தாண்டினால் ஊக்கத்தொகை குறையும். “பாட்டி வீட்ல பத்து நிமிசம் நின்னேம்லா, அதுவும் இதுல வரும்.”

நான் பேசவில்லை. எங்கள் மென்பொருளிலும் அப்படியொரு நிரல் உண்டு. நான்தான் அதைச் சோதித்து அனுப்பினேன்.

இதோடு அண்ணாச்சி நல்லவர், ஆப் கெட்டது என்று முடித்துவிட்டால் எனக்கு வசதி. ஆனால் வாயால் வழி கேட்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்ததில்லை. எங்கள் பக்கம் வழி கேட்டால் பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: “நீ யாரு மவன் மக்கா?” அந்தக் கேள்வி அன்பாகவும் வரும், சாதி தெரிந்துகொள்ளவும் வரும். அஞ்சுகிராமத்திலிருந்து சுசீந்திரம் தூரமில்லை. 1924ல் வைக்கத்திலும், 1926ல் சுசீந்திரத்திலும் சத்தியாகிரகம் நடந்தது கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936ல்தான் வந்தது. இந்த மண்ணில் குறுகிய வழி எது என்பதற்கு முன்னால், அந்த வழியில் நீ போகலாமா என்ற கேள்வி இருந்தது. ஆப் அதைக் கேட்பதில்லை. டெலிவரிக்கு வரும் ஒரு பெண், டீக்கடை ஆண்களிடம் வண்டியை நிறுத்தி வழி கேட்க வேண்டியதில்லை. வெளியூர்ப் பையன் முதல் நாளே சம்பாதிக்கலாம். முகம் தெரியாத குரலுக்கு இப்படியொரு நன்மை இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகவே பழைய வாய்க்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. மலைபடுகடாத்தின் அந்தப் புல்லைத்தான் கேட்கிறேன். இன்றும் ஒவ்வொரு டிரைவரும் புல் முடிந்துகொண்டுதான் போகிறார். போன் அவர் போன பாதையை நொடிக்கு நொடி அனுப்புகிறது. எங்கே தயங்கினார், எங்கே திரும்பினார், எல்லாம் எங்கள் சர்வரில் இருக்கிறது. ஆனால் அந்தப் புல் பின்னால் வருகிறவன் கண்ணில் படுவதில்லை. கம்பெனி அதை எடுத்துக்கொள்கிறது. முடிந்தவருக்கோ அது அபராதமாகத் திரும்பி வருகிறது.

*

கிளம்புகிற அன்று அண்ணாச்சியிடம் நோட்டைக் கேட்டேன். போட்டோ எடுத்து, எங்கள் ஆட்களிடம் காட்டலாம் என்று.

“தர மாட்டேன் தம்பி. கோவிச்சுக்காத. இது உள்ள வரைக்கும்தான் என்ன வச்சிருப்பான். எல்லாத்தயும் ஏத்திட்டா, எனக்கு குடுக்கதுல பாதி சம்பளத்துக்கு ஆள் கெடைக்கும்லா?”

அவர் சொன்னது சரி. அப்படி ஒரு கூட்டத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் அன்று சாயங்காலம் டீக்கடையில் சாத்தான்குளம் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். அண்ணாச்சி அவனை உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டு, நோட்டைத் திறந்தார். பச்சை கேட், ஜன்னல், குளத்தங்கரை, எந்த வீட்டு நாய் கட்டிப்போட்டிருக்காது, எல்லாம் சொன்னார். பையன் போனில் தட்டிக்கொண்டான். காசு பேச்சே இல்லை. எனக்குத் தர மறுத்ததை அவனுக்கு அரைமணி நேரம் சொன்னார். ஆற்றுப்படையில் யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

பெங்களூர் திரும்பியதும் ஒரு கோரிக்கை எழுதி வைத்தேன். ஒவ்வொரு முகவரிக்கும் டிரைவர் ஒரு குறிப்பு எழுத இடம், அடுத்து வரும் டிரைவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி. மதிப்பெண் கணக்கு அதைத் தொடக்கூடாது. ரூட் மாறியதற்குக் காரணம் எழுதினால் அது தவறாக எண்ணப்படக்கூடாது. அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார்கள். இன்னும் வரிசையில்தான் நிற்கிறது.

போனில் அண்ணாச்சியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நல்ல காரியம்தான். ஆனா அத வேற யாரு பாப்பா?” என்றார்.

டிரைவர் மட்டும்தான் என்று சொல்ல வாய் வந்தது. டேட்டாபேஸ் யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியுமாதலால் சொல்லவில்லை.