பந்து அடங்கும் கணம்

ஹாக்கியில் எல்லோரும் கோலைக் கொண்டாடுவார்கள். எனக்குப் பிடித்தது பந்தை நிறுத்தும் கணம். சீறி வரும் பந்து மட்டையைத் தொட்டதும் பூனை போல அடங்க வேண்டும். 'டக்'கென்று பலமாகக் கேட்டால் அது துள்ளிவிட்டது என்று அர்த்தம். மேலே இடது கை இறுகப் பிடிக்கும். கீழே வலது கை தளர்ந்திருக்கும். பந்து படும்போது மட்டை இம்மியளவு பின்வாங்கும். அவ்வளவுதான் வித்தை, ஆனால் கைவர வருடங்கள் ஆகும். மட்டையின் உருண்ட பின்பக்கத்தால் ஆடக் கூடாது என்பதால், தேவைப்படும்போது அதைப் புரட்டுவதும் அந்த இடது மணிக்கட்டுதான்.

கோவில்பட்டிப் பையன்கள் தலைமுறைகளாக இதை மண் தரையில் பழகியவர்கள். மண்ணில் பந்து எப்போது எகிறும் என்று தெரியாது. கண் அதைவிட்டு அகலாது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தபின் ஆட்டத்தின் வேகமே மாறியது. கோவில்பட்டியிலும் இன்று அந்தத் தரை உண்டு. அங்கே நிறுத்தினால் மட்டும் போதாது, அடுத்த பாஸுக்குத் தோதாக நிறுத்த வேண்டும். தேறிய கிளப் ஆட்டக்காரரை நான் அடையாளம் காண்பது அதற்கும் ஒரு நொடி முன்னால்: பந்து வந்து சேருமுன்பே தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பார்.