வேட்டிக்குள்ளே நீச்சல் டிராயர்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு ஈடான பஸ் நிலையம் இந்தியாவில் கிடையாது, கிடையவே கிடையாது! சிரிக்காதீர்கள், சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு பக்கம் பழவங்காடி கணபதிக்கு உடைக்கிற விடலைத் தேங்காய்ச் சத்தம், ஒரு பக்கம் சாலைக் கடைத்தெருவிலிருந்து மூட்டையோடு வருகிறவர்களின் 'வழி, வழி', நடுவில் டீசல் புகையும் ஹாரனும். இந்த நெரிசலில் நின்றுகொண்டு, 'இன்றைக்கு எந்தக் கடலுக்குப் போகலாம்?' என்று ஒருவன் சாவகாசமாக யோசிக்க முடிகிறதென்றால் அந்த ஊருக்கு எப்பேர்ப்பட்ட கொடுப்பினை! மேற்கே ஆட்டோ பிடித்தால் சங்குமுகம், தெற்கே பஸ் ஏறினால் 15 கிலோமீட்டருக்குள் கோவளம், பொடிநடையாகத் தம்பானூர் போய் ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வர்க்கலை. எல்லாம் ஒரே அரபிக்கடல்தான், ஆனால் இடத்துக்கு இடம் குணம் வேறு.

சும்மா உட்கார்ந்து காற்று வாங்கினால் போதும் என்றால் சங்குமுகம். கானாயி குஞ்ஞிராமன் வடித்த பிரம்மாண்டமான ஜலகன்னிகை அங்கே ஒய்யாரமாகச் சாய்ந்து கிடக்கிறாள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்கு இந்தக் கரைக்குத்தான் எழுந்தருளுகிறார். யானையும் வாளும் வாத்தியமுமாக ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து வரும். அதற்காக விமானங்களையே நிறுத்தி வைக்கிறார்கள் என்றால் பாருங்களேன்! ஆனால் அங்கே குளிக்க மட்டும் இறங்காதீர்கள். அலை கரையையே கடித்துத் தின்றுகொண்டிருக்கிறது.

வர்க்கலை வேறு ரகம். செக்கச்செவேலென்று கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கிற மலைச்சுவர், கீழே பாபநாசம் கரை, மேலே விளிம்பு நெடுகச் சாப்பாட்டுக் கடைகள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிற பாறை அது. ஆனால் விளிம்பில் உட்கார்ந்து சுலைமானி டீ குடிக்கும்போது நிலவியல் யாருக்கு ஞாபகம் வருகிறது! கர்க்கடக வாவன்று, அதாவது நம் ஆடி அமாவாசையன்று, ஜனார்த்தனசுவாமி கோயில் பக்கம் முன்னோருக்குப் பலி இடுகிற கூட்டத்தில் மணலே தெரியாது. புத்தகமும் கையுமாக நாள் முழுக்கச் சோம்பிக் கிடக்க ஆசைப்படுகிறவர்களை நான் கண்ணை மூடிக்கொண்டு வர்க்கலைக்கு ரயிலேற்றிவிடுவேன்.

நான் மட்டும் போக மாட்டேன். எனக்குக் கோவளம்! கோவளம்தான்! சென்னைக்காரர்களே, உங்கள் முட்டுக்காட்டுக்கு அப்பால் இருக்கிற கோவளம் இல்லை. குமரிக்காரர்களே, உங்கள் கோவளமும் இல்லை. இது மூன்றாவது, இதுதான் முதலாவது. நீந்தணுமா, அலையேறணுமா, சும்மா கிடக்கணுமா, மூன்றுக்கும் ஒரே பஸ் டிக்கெட்டில் பதில் சொல்லுகிற கரை வேறெங்கே இருக்கிறது?

கிழக்கேகோட்டையின் தெற்குக் கோடியில் பஸ் நிற்கும். காலை முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்துவிட வேண்டும், அதுதான் என் கொள்கை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேட்டிக்குள்ளேயே நீச்சல் டிராயர் போட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். உடை மாற்றுகிற இரண்டு நிமிஷத்தைக்கூடக் கடலிடமிருந்து பிடுங்க மனசு வராது! திருவல்லம் பாலத்தில் கரமனை ஆற்றைத் தாண்டும்போதே கால் ஆடத் தொடங்கிவிடும். கோவளம் ஜங்ஷனில் வலப்பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியாகக் காற்றில் உப்பு ஏறும். அந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிடுவேன், இறங்க இன்னும் தூரம் இருக்கிறது என்று கண்டக்டர் சைகை காட்டினாலும் உட்கார மாட்டேன்.

இறங்கிச் சரிவில் கடகடவென்று நடங்கள். வளைவு திரும்புகிற இடத்தில், அடடா, அது திறக்கும்! பாறை முனைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்க, அவற்றுக்கு நடுவே பிறை பிறையாக வளைந்த கரைகள். வடக்கே சமுத்ரா, நடுவில் ஹவ்வா, தெற்கே லைட்ஹவுஸ் பீச். பாறை முனைகள் இருப்பதால் நல்ல பருவத்தில் ஹவ்வா கரையில் அலை கொஞ்சம் அடங்கி வருகிறது. மணலைக் குனிந்து பாருங்கள், இல்மனைட் கலந்த கறுப்பு மணல் வெள்ளை மணலோடு அலைக்கு அலை கோடு மாறிக்கொண்டே இருக்கும், கோலமாவில் யாரோ எள்ளைத் தூவிவிட்டுப் போன மாதிரி! மெரினாவில் கணுக்கால் நனைத்துவிட்டுப் பஜ்ஜி தின்று திரும்பிய தலைமுறை நாம், நீந்த அங்கே தடை. இங்கே இடுப்பளவு தண்ணீரில் மல்லாந்து படுத்துக் காதைத் தண்ணீருக்குள் விட்டால் கரையின் சத்தமெல்லாம் அணைந்து, மணல் உருளுகிற சரசரப்பு மட்டும் கேட்கும். மேலே தென்னை, அதற்கு மேலே ஒரு கருடன் வட்டம் போடுகிறான். மாத வாடகை, மளிகைச் சீட்டு, ஒன்றும் ஞாபகத்துக்கு வராது, சத்தியமாக!

இப்போது அலைப்பலகைக்கு வருகிறேன், இதற்காகத்தானே இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தேன்! 2005-இல் இங்கே ஒரு சர்ஃப் கிளப் தொடங்கியது. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்காக உழைக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து வளர்ந்த கிளப். அதன் சட்டம் ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடம் போகாதவனுக்கு அலையும் கிடையாது. எப்பேர்ப்பட்ட சட்டம்! நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இப்படி ஆசை காட்டியிருந்தால் நானும் கணக்கில் தேறியிருப்பேன். இந்தக் கரையில் வளர்ந்த பையன்கள்தான் இன்றைக்கு நம்மைப் போன்ற தொப்பைக்காரர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். முதலில் மணலிலேயே பலகையைப் போட்டுக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் கையை ஊன்றி ஒரே துள்ளலில் எழச் சொல்லுவார்கள். சுற்றிலும் இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும்! பிறகு கணுக்காலில் பலகையின் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறீர்கள். நினைத்துப் பாருங்கள், பலகையில் குப்புறக் கிடக்கிறீர்கள், முகம் கரையைப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது, தாடையில் உப்பு எரிகிறது, பையன் திரும்பிப் பார்த்து 'இது வேண்டா, அடுத்தது' என்கிறான், அடுத்ததும் வேண்டாமாம், அதற்கடுத்தது வருகிறபோது பலகையின் வாலைப் பிடித்து ஒரு தள்ளு, 'சேட்டா, எணீக்கூ! எணீக்கூ!' என்று கத்துகிறான், அடியில் கடல் திடீரென்று தூக்குகிறது, கை ஊன்றி, ஒரு கால், அப்புறம் இன்னொரு கால், ஐயோ நிற்கிறேன், நான் நிற்கிறேன், கடலின் மேல் நிற்கிறேன், கரை என்னை நோக்கி ஓடிவருகிறது, வாய் தானாகத் திறந்து என்னவோ அலறுகிறது, தமிழா மலையாளமா எனக்கே தெரியவில்லை! அவ்வளவுதான், மறு நொடி தலைகுப்புற விழுந்து மூக்கு வழியாக அரபிக்கடல் உள்ளே போய்விட்டது. அதனால் என்ன? எழுந்து இருமிக்கொண்டே பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் கரையில் நின்று கை தட்டுகிறது, நானும் வெட்கமில்லாமல் மேடை நடிகன் போலக் குனிந்து கும்பிட்டேன்!

கடலுக்கு ஒரு மரியாதை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்போது கடல் நம்முடையது அல்ல. மற்ற நாட்களிலும் சிவப்புக் கொடி கட்டிய பக்கம் இறங்கக் கூடாது, லைஃப்கார்டு விசில் ஊதினால் மறுபேச்சில்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். அலைகள் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் ஏதாவது ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குள் வேகமாகத் திரும்புகிறது. அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு விலகிவிட வேண்டும். இதைக் கற்றுக்கொண்டு இறங்குங்கள், பிறகு பயமே இல்லாமல் கூத்தாடலாம்.

கரையேறியதும் பசி குடலைப் பிடுங்கும், ஆனால் சாப்பிடப் போய்விடாதீர்கள், கரமடி இழுக்கிறார்களா என்று ஒரு கண் பாருங்கள்! விடியற்காலையில் வள்ளத்தில் போய்க் கடலுக்குள் அரைவட்டமாக வலையைப் போட்டுவிட்டு, இரண்டு கயிற்று முனைகளையும் கரைக்குக் கொண்டுவந்து, இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்று இழுப்பார்கள். குதிகாலை மணலில் குத்தி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் ஏந்தி வாங்க, அங்குலம் அங்குலமாகக் கயிறு வரும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கிக்கொண்டே வரும், கயிறு போய் வலை வரும், கடைசியில் மடி! நானும் சும்மா நிற்காமல் ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது, முன்னால் நின்ற பெரியவர் என் கையைப் பார்த்துச் சிரித்தார், விடுவேனா! மடியைக் கரையில் கவிழ்த்தபோது நெத்திலி வெள்ளியாகக் கொட்டியது, நடுவில் சாளை, நீளமாக வாளை, மைபீய்ச்சுகிற கணவாய் ஒன்று, ஓரமாக ஒரு குட்டி நண்டு தப்பித்துக் கடலைப் பார்த்து ஓடியது. காக்கைகள் வருவதற்குள் ஏலம் ஆரம்பித்துவிட்டது.

சாப்பிட்டாயிற்றா? வாருங்கள் கலங்கரை விளக்கத்துக்கு. 1972-இல் ஏற்றிய விளக்கு, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டுக் குன்றின் மேல் நிற்கிறது. மேலே ஏறிப் பார்த்தால் தெற்கே விழிஞ்ஞம். ஆய் மன்னர்கள் ஆண்ட ஊர், பாண்டியனும் சோழனும் கண் வைத்த துறைமுகம், பள்ளிவாசலும் மாதா கோயிலும் படகுகளுமாகக் காலடியில் கிடக்கிறது. அதற்கும் அப்பால் 2024 ஜூலையில் 'சான் ஃபெர்னாண்டோ' என்ற முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்து நின்ற புதுத் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள். வடக்கே திரும்பினால் பிறைக் கரைகள், பாறை முனையின் மேல் 1932-இல் அரச குடும்பத்துக்காகக் கட்டிய ஹால்சியன் மாளிகை, அதன் பக்கத்தில் சரிவிலேயே படிப்படியாக இறங்குகிற, சார்லஸ் கொரியா வடிவமைத்த ஓட்டல். எழுபதுகளில் ஹிப்பிகள் இங்கே வந்து ஊர் திரும்ப மறந்து கிடந்தார்களாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது, கடைசிப் பஸ் என்று ஒன்று இல்லாவிட்டால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்!

சாயங்காலம் ஆனதும் கரைக்கு இறங்கிவிடுங்கள். மெரினாவில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், ஏதோ அபார்ட்மெண்டுக்கு அப்பால் ஓசையில்லாமல் மறைந்துவிடுகிறான். இங்கே நேர் எதிரே, கடலுக்குள்ளேயே இறங்குகிறான்! ஈர மணல் முழுக்கச் சிவந்து, அந்தச் சிவப்பில் பையன்கள் பந்து உதைத்து, நாய் ஒன்று அலையைக் குரைத்துத் துரத்தி, எங்கிருந்தோ நெய்மீன் பொரிக்கிற வாசனை வந்து, நானோ அன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை என்று மறுபடியும் தண்ணீருக்குள் ஓடியிருப்பேன்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. குடைக்கும் சாய்வுநாற்காலிக்கும் பேரம் பேச வேண்டும், சால்வை விற்கிறவர்களுக்கு ஐந்து தடவை தலையாட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். போதும், இதற்கு மேல் என் வாயைக் கிளறாதீர்கள்.

நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், வாரத்தின் நடுவில் ஒரு நாளாகப் பார்த்துப் போங்கள். மாற்றுத்துணி, தண்ணீர் பாட்டில், சில்லறை, அவ்வளவு போதும். லீவு கிடைக்காதென்றால் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் கரிக்கட்டையாகக் கறுத்துப்போய் ஆபீசுக்குள் நுழையும்போது, 'இது என்னய்யா காய்ச்சல்?' என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், எனக்கே இன்னும் ஒரு நல்ல பதில் அகப்படவில்லை!