யாரை எதிர்த்து ஓடினார் என்பது மட்டும் போதுமா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கு வாக்கெடுப்பில் தரப்படும் ஹைஸ்மன் கோப்பை, 2024இல் டிராவிஸ் ஹன்டருக்குப் போனது. 214 புள்ளிகள் பின்தங்கி இரண்டாம் இடத்தில் நின்றார் பாய்ஸி ஸ்டேட்டின் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) ஆஷ்டன் ஜென்ட்டி. ஹன்டருக்குக் கோப்பை கிடைத்ததில் எனக்குக் குறையில்லை. ஜென்ட்டியை ஒதுக்கச் சொல்லப்பட்ட காரணத்தில்தான் குறை. “ஓடினார், சரி, யாரை எதிர்த்து ஓடினார்?” என்று பருவம் முழுக்கக் கேட்டார்கள். டிசம்பர் 31 அன்று ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் பென் ஸ்டேட் அவரை 30 ஓட்டங்களில் 104 யார்டுக்குள் அடக்கியதும், தாங்கள் சொன்னதே சரி என்று முடித்துவிட்டார்கள்.

வலுவான தடுப்பாட்டத்துக்கு எதிரான ஆட்டங்களை வைத்தே வீரர்களை ஒப்பிட வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விதிமீறலுக்கான தண்டனையால் இரண்டு பருவங்கள் ஆடாமலிருந்து, 1989இல் இளைஞர்களை வைத்துக்கொண்டு திரும்பிய சதர்ன் மெதடிஸ்ட் அணியை ஹூஸ்டன் 95-21 என்று தோற்கடித்தது. அந்த ஆண்டு ஹைஸ்மன் கோப்பை ஹூஸ்டனின் ஆண்ட்ரே வேருக்கு. அடுத்த ஆண்டு அதே ஹூஸ்டனின் டேவிட் கிளிங்லர், கீழ்ப்பிரிவு அணி ஒன்றின் மீது 11 டச் டவுன் வீசினார். தொழில்முறை ஆட்டத்தில் இருவருமே நிலைக்கவில்லை. யார்டுகளை வெறுமனே கூட்டிப் பார்ப்பது ஏமாற்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு மாற்றாக வைக்கப்படும் அளவுகோல் அளப்பது வீரரையா? இல்லை என்பதே என் நெடுநாள் கருத்து. பந்து கைக்கு வந்த நொடியில் ரன்னிங் பேக்குக்கு முன்னால் வழி இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர்கள் முன்வரிசை லைன்மேன்கள் ஐந்து பேர். வலுவான தடுப்பாட்டம் முதலில் வெல்வது அவர்களைத்தான். அவர்கள் தோற்ற பிறகே ஓடுபவரின் முறை வருகிறது. ஐந்து பேரின் தோல்வியை ஒருவரின் கணக்கில் எழுதிவிட்டு, அதற்குத் ‘தரம்’ என்று பெயர் வைக்கிறோம்.

ஜென்ட்டியையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பரில் ஓரிகனின் சொந்த மைதானத்தில் 25 ஓட்டங்களில் 192 யார்டு, மூன்று டச் டவுன். பாய்ஸி தோற்றது மூன்றே புள்ளியில். அதன் பிறகு ஓரிகன் வழக்கமான பருவத்தில் தோற்கவே இல்லை. இந்த ஆட்டத்தை எடுத்தால் அவர் நாட்டின் முதல் வீரர். பென் ஸ்டேட் ஆட்டத்தை எடுத்தால் சாதாரண வீரர். ஒரே ஆளைப் பற்றி இரண்டு எதிர்மாறான தீர்ப்புகள். இன்னும் நெருங்கிப் பார்த்தால், அந்த 192இல் 70 யார்டு ஒரே ஓட்டத்தில் வந்தது. ஒருவர் சறுக்காமல் பிடித்திருந்தால் அந்தத் தீர்ப்பும் மாறியிருக்கும். பதினான்கு ஆட்டங்களில் இரண்டு மூன்றைப் பொறுக்கி எடுத்து ஒரு பருவத்துக்கே விலை சொல்வது மதிப்பீடு ஆகாது.

பெரிய அணிகளில் ஆடுபவர்களுக்கு இந்த அளவுகோல் தரும் சலுகையையும் சொல்ல வேண்டும். 2009இல் அலபாமாவின் மார்க் இங்க்ரம், ஸ்டான்ஃபோர்டின் டோபி கெர்ஹார்ட்டை வெறும் 28 புள்ளிகளில் முந்திக் கோப்பை வென்றார். அன்று நாட்டின் மிகச் சிறந்த தடுப்பாட்டங்களில் ஒன்று அலபாமாவுடையது. இங்க்ரம் அதைச் சந்திக்க வேண்டியதே இல்லை. அது அவருடைய சொந்த அணி. நாடெங்கிலுமிருந்து பொறுக்கியெடுத்த முன்வரிசை அவருக்கு வழி திறந்தது. வலுவான தடுப்பாட்டத்தின் மீது அவர் எடுத்த யார்டையும், பாய்ஸியின் முன்வரிசைக்குப் பின்னால் ஜென்ட்டி எடுத்த யார்டையும் ஒரே தராசில் வைப்பது எப்படி நியாயம்?

எதிரணிகளைத் தேர்ந்தெடுப்பது வீரர் அல்ல. அட்டவணையைப் போடுவது கல்லூரியும் அதன் லீக்கும். 1990இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் டை டெட்மர் வென்ற பிறகு, பெரிய லீக்குகளுக்கு வெளியிலிருந்து ஒருவர்கூட ஹைஸ்மன் பெறவில்லை. டெட்மரும் முதலிடத்திலிருந்த மயாமியை வீழ்த்தியதால்தான் கண்ணில் பட்டார். அதே பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவருடைய அணி டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 65-14 என்று தோற்றது. எந்த டெட்மரை நாம் அளப்பது? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாக்காளர்கள் தகுதியைத் தேடவில்லை, முகவரியைத் தேடினார்கள் என்றே நான் சொல்வேன்.

ஜென்ட்டி 2024இல் ஓடியது 2,601 யார்டு. பாரி சான்டர்ஸின் 1988ஆம் ஆண்டுச் சாதனைக்கு 27 யார்டுதான் குறைவு. சான்டர்ஸுக்கு 11 ஆட்டங்கள், இவருக்கு 14 என்பது உண்மை. ஆனால் இந்த 2,601இல் பெரும்பகுதி, எதிராளியின் கை மேலே பட்ட பிறகு எடுத்தது. லைன்மேன்கள் கொடுத்தது அந்தக் கை படும் இடத்தோடு முடிகிறது. அதற்கு அப்பால் உள்ளது ஓடுபவருக்கு மட்டுமே சொந்தம். எதிரணி பென் ஸ்டேட்டானாலும் பெயர் தெரியாத கல்லூரியானாலும் அதை அளக்கலாம். அடுத்த டிசம்பரில் வாக்களிப்பவர்கள், எதிரணியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அந்த இடத்தைப் பார்க்கட்டும். அங்கிருந்துதான் ஒரு வீரரை அளக்கத் தொடங்க வேண்டும்.