வளை நெகிழ்ந்தால் வாழ்த்துகிறோம்

தென்னூர் ஹைரோட்டில் பஸ்சுக்காக நின்ற எவருக்கும் பழக்கமான படம் அது. இடப்பக்கம் ஒரு பெண், வலப்பக்கம் அதே பெண். இடப்பக்கத்துக்காரி சிரிக்க மாட்டாள். புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடியிருப்பாள். வலப்பக்கத்துக்காரி குர்தா அணிந்து, முடியை விரித்துவிட்டு, யாரோ கூப்பிட்டுத் திரும்பியதுபோல் சிரிப்பாள். நடுவில் ஓர் அம்புக்குறி. கீழே, மாதத் தவணை வசதி உண்டு என்று ஒரு வரி. தில்லைநகரின் குறுக்குத்தெருக்கள் கிளினிக்கும் லேபும் ஸ்கேன் சென்டருமாக நிறைந்த பிறகு, அதை ஒட்டியிருக்கிற எங்கள் தென்னூருக்கும் இந்த ‘முன்–பின்’ பெண் குடிவந்துவிட்டாள்.

அவளை ஒரு பிரதியாக வாசிக்க நினைக்கிறேன். வாசிப்பதுதான் என் பிழைப்பு. இன்னொரு காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். என் உயரம் 156 சென்டிமீட்டர், எடை 94 கிலோ; பி.எம்.ஐ. என்கிற உடல் நிறைக் குறியீடு 38-ஐத் தாண்டுகிறது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாத்திரை, இன்சுலின், நடை எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று மாதச் சராசரி 9-க்குக் கீழே இறங்குவதில்லை. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையை யோசியுங்கள் என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. ஆகவே இந்தப் பிரதிக்கு வெளியே நின்று பேசும் வசதி எனக்கு இல்லை.

அந்த அம்புக்குறி எதைத் தாண்டிப் போகிறது? நம் ஊரில் அதிகம் செய்யப்படும் முறையில், இரைப்பையை நீளவாக்கில் வெட்டி ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மிஞ்சும். பசியைத் தூண்டும் சுரப்பு பெரும்பாலும் எடுக்கப்படும் பகுதியில்தான் உற்பத்தியாகிறது என்பதால் பசியும் குறைகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இன்னொரு முறையான பைபாஸில் முட்டை அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் விட்டு, குடலை மாற்றி இணைக்கிறார்கள். முதல் வாரங்களில் திரவ உணவு, பிறகு மசித்த உணவு, பிறகு சிறு சிறு கவளம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் ஆயுளுக்கும். வருடா வருடம் ரத்தப் பரிசோதனை. மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொத்தாக உதிரும், பிறகு முளைக்கும். ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் தரிக்கக்கூடாது. இரண்டு வருடம் கழித்து எடை கொஞ்சம் திரும்பி வருவது பலருக்கும் நடக்கும். விளம்பரத்தில் விரல் நீளம் இருக்கிற அம்பு, நாற்பது வயதுக்காரிக்கு இன்னும் முப்பது நாற்பது வருடம்.

இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகு சிகிச்சை அல்ல. என் மாணவிகள் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் 21 வயதில் இறந்தது கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு. எடைக்குறைப்பு அறுவையில் ஆபத்தே இல்லை என்றும் இதற்குப் பொருளில்லை. 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்குப் போன புதுச்சேரி இளைஞர் 26 வயதில் இறந்தார். அரசு விசாரணை நடந்தது. பொதுவாக உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்கிற அளவில்தான் இருக்கிறது, பித்தப்பை அறுவையோடு ஒப்பிடத்தக்கது. அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் ஆயிரம் என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. ஆனால் எண்ணே தெரியாமல் பயப்படுவதும் முடிவல்ல.

பலன் பக்கத்தையும் நேர்மையாக வைக்கிறேன். சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்ததை 2007-இல் வெளியிட்டது. 2009-இல் வந்த இன்னொரு முடிவு, பெண்களிடம் புற்றுநோயும் குறைந்திருந்ததைச் சொன்னது. ஆண்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. சர்க்கரை பலருக்குக் கட்டுக்குள் வருகிறது, சிலருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. ‘உடலை அப்படியே ஏற்றுக்கொள், கத்தி வைப்பது சரணாகதி’ என்கிற என் பெண்ணியத் தோழிகளிடம் நான் மாறுபடுவது இங்கேதான். சர்க்கரை கோட்பாடு படிப்பதில்லை. அது கண்ணின் நரம்பையும் சிறுநீரகத்தையும் நேராகப் போய்த் தொடுகிறது.

ஆனால் விளம்பரப் பெண் சர்க்கரையைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவள் பேசுவது இளைப்பதைப் பற்றி. பெண் இளைப்பது நம் இலக்கியத்தில் மிகப் பழைய செய்தி. அகப்பாடல்களில் தலைவியின் தோள் மெலிகிறது, வளை நெகிழ்ந்து கழல்கிறது, நெற்றியில் பசலை படர்கிறது. தோழி பதறுகிறாள், செவிலி சந்தேகிக்கிறாள், ஊர் அலர் தூற்றுகிறது. உன்னை இப்படி ஆக்கியவன் யார் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். திருக்குறளில் ‘உறுப்புநலன் அழிதல்’ என்று ஓர் அதிகாரமே இதற்கு உண்டு. பருத்த, மூங்கில் போன்ற தோள் அங்கே நலத்தின் அடையாளம். மெலிவு துயரத்தின் ஆவணம். இன்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருத்தியின் வளையல் முழங்கை வரை ஏறினால் ‘செமையா இளைச்சிட்டீங்களே, என்ன டயட்?’ என்கிறோம். அவள் ராத்திரி தூங்குகிறாளா, மாமியார் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வளை நெகிழ்ந்தால் வாழ்த்துகிறோம்.

இதை வைத்துச் சங்ககாலத்தைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. அதே மரபுதான் இடையைக் கொடி என்றது, மின்னல் என்றது, பிற்காலத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்குத் தேய்த்தது. தோளுக்கு அனுமதி, வயிற்றுக்கு அனுமதி இல்லை. இந்த மரபில் ஒரே ஒருத்தி கணக்கைத் தலைகீழாக்கினாள். காரைக்கால் அம்மையார், கணவன் வேறொருத்தியை மணந்துகொண்டு வாழ்வது தெரிந்ததும், அவனுக்காகச் சுமந்த தசை இனி வேண்டாம் என்று உதறிப் பேயுருப் பெற்றதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பக்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அங்கே இருப்பது, இந்தத் தசை யாருக்கானது என்கிற கேள்வி. என் தலைமுறைக் கவிஞர்கள் அந்தக் கேள்வியை மார்புக்கும் கருப்பைக்கும் கேட்டோம். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002-இல் வந்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். தொப்பைக்கு யாரும் சண்டை போடவில்லை. அது கவர்ச்சியும் இல்லை, தாய்மையும் இல்லை. ஆகவே கவிதைக்கும் ஆகவில்லை.

சினிமாவுக்கு ஆயிற்று, சிரிக்க. தேர்ந்த நடனக் கலைஞரான பிந்து கோஷை நம் படங்கள் எதற்குப் பயன்படுத்தின என்று யோசித்துப் பாருங்கள். ஒரு படம் மட்டும் வேறு பேச முயன்றது: 2015-இல் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’. பருமனான பெண், கல்யாணத்துக்காக அவளை இளைக்கச் சொல்லும் அம்மா, இளைக்கவைக்கிறேன் என்று ஏமாற்றும் நிலையம், அதனால் உடல் கெட்டுப்போகும் தோழி. நல்ல கரு. ஆனால் குற்றத்தை ஒரு வில்லன் முதலாளியின் தலையில் இறக்கிவிட்டு, அம்மாவின் நச்சரிப்பை நகைச்சுவையாக விட்டுவிட்டது. பருமனான நடிகை ஒருத்தியும் அந்தப் பாத்திரத்துக்குக் கிடைக்கவில்லை. அனுஷ்கா எடை கூட்டி நடித்தார். படம் வெளிவந்த பிறகு பேட்டிகளில் அவரிடம் கேட்கப்பட்டது எப்படிக் குறைக்கப்போகிறீர்கள் என்பதே. ‘முன்–பின்’ படத்தை எதிர்த்த படம், தன் கதாநாயகியையே இன்னொரு ‘முன்–பின்’ ஆக்கி முடிந்தது.

அடுத்த பிரதி, காப்பீட்டுப் பத்திரம். இதை யாரும் படிப்பதில்லை, படித்தால் சுவாரசியம். பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கடுமையான துணைநோய் உள்ளவர், 18 வயது நிறைந்தவர், மருத்துவர் பரிந்துரைத்தவர், எளிய வழிகளில் முயன்று தோற்றவர். இந்த நிபந்தனைகளைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வரையறுத்தது. துணைநோய்ப் பட்டியலில் இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை ஆகிய நான்கும் உண்டு. சினைப்பை நீர்க்கட்டி இல்லை. மூட்டுத் தேய்மானம் இல்லை. பெண்களை எடை எங்கே அதிகம் வதைக்கிறதோ அந்த இரண்டு இடமும் பட்டியலுக்கு வெளியே. உலகம் முழுவதும் இந்த அறுவை செய்துகொள்பவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். காப்பீடு இல்லையென்றால் மூன்று லட்சத்திலிருந்து ஆறு லட்சம் வரை கைப்பணம். வீடுகளில் நான் பார்த்தது இது: கல்யாணத்துக்கு நிற்கிற மகளுக்கென்றால் அந்தப் பணம் நகை அடகிலிருந்து வந்துவிடுகிறது. சர்க்கரையும் மூட்டுவலியுமாக இருக்கிற அம்மாவுக்கென்றால், ‘காலையில உழவர் சந்தை மைதானத்துல நாலு சுத்து சுத்து, எல்லாம் சரியாயிடும்.’

மூன்றாவது, ஒப்புதல் படிவம். நான் விசாரிக்கப் போன ஒரு மருத்துவமனையில், ஆலோசகப் பெண் படிவத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, “சார் வரலையா மேடம்? அவர் கையெழுத்தும் வேணுமே” என்றார். மாணவிகள் ஒரு வழக்கின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: சமீரா கோலி. பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்டு மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், அவருடைய அம்மாவின் சம்மதத்தை வைத்து அகற்றிவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வயதுவந்த, சுயநினைவு திரும்பக்கூடிய பெண்ணுக்காக வேறொருவர் தரும் சம்மதம், உயிராபத்து இல்லாதபோது செல்லாது என்றது. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளியிடமே சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. கணவர் உடன் வரலாம், பை தூக்கலாம். கையெழுத்து என்னுடையது.

இத்தனை பிரதிகளிலும் இல்லாத ஒரு செலவு இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அறுவைக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஓர் இட்லியில் 2 கிராம் தேறினால் அதிகம். வயிறு ஒரு வேளைக்கு ஏற்பது அரை டம்ளருக்கும் குறைவு. எனவே சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை, நேரம் தவறாமல், புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். ஸ்ரீரங்கத்துச் சைவச் சமையலறை என்றால் பன்னீரும் சுண்டலும் தயிருமாக இன்னும் திட்டமிட வேண்டும். இதை யார் செய்வது? வகுப்பில் ஒருமுறை, உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று கேட்டேன். அறுபது பேரில் ஒருத்திக்கும் யோசிக்கத் தேவைப்படவில்லை. குழம்பில் காய் தீர்ந்த பிறகு, மீனில் தலை மட்டும் மிஞ்சிய பிறகு, பதினோரு மணிக்குச் சோற்றை மோரில் கரைத்துக் குடிக்கிறவளுக்கு இந்த அறுவை என்ன செய்யும்? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அதே ஆய்வில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த இரண்டு கூட்டமும் தனித்தனிப் பெண்கள் இல்லை; கூட்டிப் பார்த்தாலே நூறுக்குப் பக்கத்தில் வருகிறது. சோறு நிறைய, சத்து குறைய என்பதுதான் அந்த உடல். இரும்பை ஏற்கும் வழியை இன்னும் குறுக்குகிற அறுவையை அவளுக்குச் செய்துவிட்டு, பழைய பந்தியிலேயே கடைசியில் உட்காரவைத்தால், ஐந்து வருடத்தில் மெலிந்த, முடி கொட்டிய, படியேற மூச்சு வாங்குகிற ஒருத்தி கிடைப்பாள். அவளையும் நாம் வாழ்த்துவோம்.

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்ததிலிருந்து, கத்தி எதற்கு, ஊசி போதுமே என்கிறார்கள். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. மாதா மாதம் பணம். கேள்வி மாறவில்லை.

நான் செய்துகொள்ளப் போகிறேன், மே விடுமுறையில். என் காரணம் சர்க்கரை. 38 என்கிற எண்ணும் காப்பீட்டு விதியும் இந்த ஒருமுறை என் பக்கம் இருக்கின்றன. கையெழுத்துப் போடுமுன் வீட்டில் பேசியது தேதியைப் பற்றி அல்ல. காலை ஏழரைக்கு முதல் தட்டு எனக்கு, இனி எப்போதும். என் கணவர் இரண்டு வாரத்துக்கு என்று புரிந்துகொண்டு உடனே சரி என்றார். எப்போதும் என்பதை விளக்க ஒரு மாதம் பிடித்தது. ஏகாதசிக்கு என்ன செய்வாய் என்று கேட்ட மாமியாரிடம், பட்டினி இனி முடியாது அத்தை என்றேன்.

ஆனால் என் முடிவு அடுத்தவளுக்கு அளவுகோல் ஆகாது. முதுகலை முதலாண்டில் ஒரு மாணவி, 22 வயது, பி.எம்.ஐ. 31, சர்க்கரை இல்லை, மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் இளைத்தால் நல்லது என்றார்களாம். அம்மா வளையலை வைத்து முன்பணம் கட்டியிருக்கிறார். எண்ணைக் காட்டி அவளைத் தடுக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. 1991-இல் 40 என்றும் நோயிருந்தால் 35 என்றும் இருந்த மருத்துவ வரம்பு, 2022-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலில் ஆசியர்களுக்கு 27.5 வரை இறங்கியிருக்கிறது. நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம், பொய்யும் அல்ல. அவளுக்குத்தான் சர்க்கரை இல்லையே. கல்யாணம் முடிந்ததும் ஒன்றரை வருடம் கர்ப்பம் கூடாது என்பதை மாப்பிள்ளை வீட்டுக்கு யார் சொல்வது என்று கேட்டேன். அந்த விஷயமே அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. போன வாரம் வந்தாள். செய்ய வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது மேடம், ஆனால் அம்மாவின் வளையல் போய்விட்டதே என்றாள். முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.