சாட் ஏரியும் கலைக்களஞ்சியமும்: ஒரு மதிப்பீடு

கலைக்களஞ்சியம் ஐயம் தீர்க்கும் நூல் என்ற நம்பிக்கை கற்றோரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஆய்வுக் கட்டுரையொன்றின் முடிபை மறுக்கத் தயங்காத மாணவன்கூட, கலைக்களஞ்சியத்தில் ஓர் எண்ணைக் கண்டதும் அதனை அப்படியே தன் குறிப்பேட்டிற் பெயர்த்துக்கொள்கின்றான். இந்நம்பிக்கை எத்துணை பொருத்தமானது என்பதைச் சோதித்தற்கு ஆபிரிக்காவின் சாட் ஏரி மிக வாய்ப்பான ஒரு பொருளாகும். மலைகளும் நகரங்களும் நின்ற இடத்தில் நிற்கும். சாட் ஏரி நிற்பதில்லை.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது 1910–11 இல் வெளிவந்த பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் 11ஆம் பதிப்பில் இவ்வேரி பற்றி அமைந்த கட்டுரையாகும். அறிஞர் பலரும் போற்றும் பதிப்பு அது. பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டமையால் இன்று எவரும் தடையின்றி எடுத்தாளக்கூடியதாகவும் உள்ளது. ஆதலால் அதன் பிழைகளைப் பழங்கதை என ஒதுக்கிவிட இயலாது.

கட்டுரையின் சிறப்புக்களை முதலிற் கூறுதல் முறையாகும். ஏரியின் மேற்குக் கரை முற்றிலும் தட்டையானது. நீர் சிறிது உயர்ந்தாலும் பெருநிலப்பரப்பு மூழ்கிவிடும். வெவ்வேறு காலத்துப் பயணிகள் ஏரியின் பரப்பை வெவ்வேறாகக் கணித்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று அது தெளிவாகவே உரைக்கின்றது. தெற்கிலிருந்து வரும் சாரி ஆற்றின் முதன்மையையும் அது உணர்ந்துள்ளது. நேரிற் கண்டோர் குறிப்புக்களை நன்கு கற்றவரொருவரே இதனை எழுதியிருத்தல் வேண்டும்.

அத்தகையவரே அடுத்து இடறுகின்றார். நாடு படிப்படியாக வரண்டு வருகின்றது, சூடானியக் காலநிலையின் இடத்தைச் சகாராவின் காலநிலை பிடித்துக்கொள்கின்றது, ஆகவே ஏரி சுருங்குகின்றது என்பது கட்டுரையின் மையக் கூற்று. இதற்குக் காட்டப்படும் சான்று, 1850 இல் தென்கரையில் இருந்த ஒரு நகர் 1905 இல் நீரிலிருந்து 20 மைலுக்கும் அப்பாற்பட்டுவிட்டது என்பதாகும். அந்நகரின் பெயர் தரப்படவில்லை. படிப்பவர் சரிபார்த்தற்கு வழியுமில்லை. அது போகட்டும். சிறிது நீர் ஏறினாலும் இறங்கினாலும் கரை பல மைல் நகரும் என்று ஒப்புக்கொண்ட கட்டுரை, கரை 20 மைல் நகர்ந்ததை நிலையான வரட்சிக்குச் சான்றாக்குவது எங்ஙனம்? தன் கூற்றைத் தானே மறுக்கும் சான்று தன் பக்கத்திலேயே கிடப்பதை அது காணவில்லை.

கட்டுரையாளர் கையாண்ட தகவல் பொய்யன்று என்பதும் நோக்கற்பாலது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஏரி உண்மையிலேயே மிகத் தாழ்ந்திருந்தது. அவ்வாண்டுகளில் அங்கு அளவைப் பணி செய்த பிரெஞ்சு அதிகாரி ஜோன் தில்லோவும் அதனைப் பதிவு செய்துள்ளார். பிழை தகவலில் இல்லை. இரண்டு புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்து, அக்கோடு அதே திசையில் நீளும் எனக் கொண்டதிலேயே உள்ளது. அதன்பின் ஏரி மீண்டும் உயர்ந்தது. 1950களிலும் 1960களிலும் நல்ல மழை பெய்தது. 1963 அளவில் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீற்றராயிற்று. 1910 இல் தேய்ந்தழிவதாகக் கூறப்பட்ட ஏரி அரை நூற்றாண்டின் பின் பெருகி நின்றது.

காரணமும் எளிது. ஏரிக்கு வந்து சேரும் ஆற்று நீரிற் பத்தில் ஒன்பது பங்களவு சாரி, லோகோன் ஆறுகளால் வருவது. அவை மத்திய ஆபிரிக்கக் குடியரசிலும் கமரூன் மேட்டு நிலங்களிலும் பெய்யும் மழையால் ஊட்டப்படுவன. ஏரி ஆழமற்றது, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2 மீற்றர் நீர் ஆவியாகிவிடும். எனவே ஏரியின் பரப்பு அதன் கரையிலுள்ள பாலையைவிடத் தொலைவிலுள்ள தெற்கின் மழையையே பெரிதும் காட்டுகின்றது. சகாரா தெற்கே நடந்துவந்து ஏரியை விழுங்குகின்றது என்ற சித்திரம் கவர்ச்சியானது. ஆனால் இவ்வேரியின் நீர்க்கணக்குக்குப் பொருந்தாதது.

பிற்காலக் கலைக்களஞ்சியங்கள் இப்பிழையிலிருந்து பாடம் கற்றனவா? அதே பிழையை எதிர்ப்புறமாகச் செய்தன என்றே கூறவேண்டும். அவற்றுட் பல 1963 இன் 25,000 சதுர கிலோமீற்றரைத் தொடக்கமாகக் கொண்டு, பின்னர் 2,000க்கும் குறைவான ஓர் எண்ணை அருகே வைத்து, ஏரியின் பத்தில் ஒன்பது பங்கு மறைந்துவிட்டது என எழுதுகின்றன. 1970களின், 1980களின் வரட்சி கொடியது என்பதில் ஐயமில்லை. 1973 இல் ஏரி வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது; 1980களின் நடுவில் வடபகுதி அடியோடு வற்றியது; மீனவரும் மந்தை மேய்ப்போரும் பட்ட துயர் பெரிது. ஆயினும் 1963 என்பது உயர்நிலை ஆண்டு; அதனை இயல்புநிலையாகக் கொள்ளல் தகாது. மேலும், சிறிய எண் பெரும்பாலும் திறந்த நீர்ப்பரப்பை மட்டும் குறிப்பது. நாணலும் புல்லும் மூடிய சதுப்பு நிலத்தின் கீழும் நீர் உள்ளது. அதனைச் சேர்த்துக் கணித்தால் பரப்பு பன்மடங்காகும். 1990களுக்குப் பின் ஏரி ஓரளவு மீண்டுள்ளது என்பதையும் இக்கட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. சிறிய, நடுத்தர, பெரிய சாட் என மூன்று நிலைகளாக ஏரியை நோக்கும் நீரியலாளரின் மரபு இவ்வெண்களைவிடப் பன்மடங்கு பயனுடையது. கலைக்களஞ்சியத்திற்கு ஓர் எண்ணே வேண்டும் போலும்.

வரலாற்றுப் பகுதியைப் பற்றிச் சில சொற்கள் போதும். வெள்ளையர் இதனை முதன்முதற் கண்டது 1823 இல், ஊட்னி, கிளாப்பேட்டன், டென்ஹம் ஆகியோரின் பயணத்தின்போது என 1910 கட்டுரை கூறுகின்றது. வெள்ளையர் எனக் குறித்தமை அளவில் அது நேர்மையானதே. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இக்கரையிற் கானெம்-போர்னு பேரரசு நிலைத்திருந்தது. 9ஆம் நூற்றாண்டில் அல்-யகூபி கானெமைக் குறிப்பிட்டுள்ளார். பயணிகள் ஏரிக்கு வோட்டர்லூ எனப் பெயரிட்டனர், அப்பெயர் நிலைக்கவில்லை. பெருநீர்ப்பரப்பு எனப் பொருள்படும் உள்ளூர்ச் சொல்லே நிலைத்தது. ஆகவே ‘சாட் ஏரி’ என்பது ‘ஏரி ஏரி’ என்பதற்கு ஒப்பாகும்.

இவையெல்லாம் நூலகத்துப் பிழை திருத்தம் மட்டுமே எனக் கருதுவோர் நைஜீரியாவின் தென் சாட் நீர்ப்பாசனத் திட்டத்தை நோக்குதல் நன்று. 67,000 ஹெக்டேயருக்கு ஏரி நீரைக் கொண்டுசெல்ல 1970களில் அத்திட்டம் மேற்கொள்ளப்பட்டது. 1980களில் நீர் கால்வாயின் வாயிலை விட்டு விலகிப்போயிற்று, இயந்திரங்கள் நின்றன. பெருகி நின்ற ஏரியை நிலையானதெனக் கொண்ட கணக்கின் விளைவு அது. மறுபுறம், ஏரி அழிகின்றது என்ற கணக்கை வைத்துக் கொங்கோ வடிநிலத்தின் நீரைச் சாட்டுக்குத் திருப்பும் பெருந்திட்டங்கள் 1980கள் முதல் பேசப்பட்டு வருகின்றன.

எல்லைக் கோடோ நீரைப் பின்தொடர்வதில்லை. ஏரி பின்வாங்கியபோது நைஜீரிய மீனவர் நீரைத் தொடர்ந்து சென்று, வற்றிய ஏரிப்படுகையில் டராக் முதலிய ஊர்களை அமைத்தனர். அவை கமரூனின் பக்கத்தில் இருந்தன. வழக்கு சர்வதேச நீதிமன்றம் சென்றது. குடியேறி வாழ்ந்தமை உரிமையாகாது. 1931 இல் பிரித்தானியாவும் பிரான்சும் உறுதிசெய்த எல்லையே செல்லும் என 2002 ஒக்டோபர் 10 இல் நீதிமன்றம் தீர்த்தது. 2003 டிசெம்பரில் நைஜீரியா அவ்வூர்களைக் கமரூனிடம் ஒப்படைத்தது.