தையல்

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நபியவதாரப் படலம் உண்டு. பிறப்பை மகிழ்ந்து பாடிய நம் இலக்கியத்தில் ஈன்றவளின் காயத்தைப் பாடியோரை நாம் தேடித்தான் காண வேண்டும். இத்தனைக்கும் திருக்குர்ஆன் (19:23) மர்யம் (அலை) அவர்களின் பேறுகால வேதனையை மறைக்கவில்லை; இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கியதையும் மறைக்கவில்லை.

அவலூர்பேட்டை, செஞ்சிப் பக்கத்துப் பெண்களைக் கேளுங்கள். "தையல் போட்டாங்க" என்பர். பேச்சு அத்துடன் முடியும். வெட்டியதைச் சொல்லார், தைத்ததையே சொல்வர். (தையல் என்றால் பெண் என்றும் பொருள், நிகண்டு செய்தோர் இதை எண்ணியிருக்க மாட்டார்!) குழந்தையின் தலை வெளிவர வழியை அகலப்படுத்தும் அவ்வெட்டுக்குப் பின் அமர்ந்து பாலூட்டுவதே பலருக்கு வேதனை. இதை எல்லாருக்கும் வழக்கமாகச் செய்தலாகாது, செய்ய நேர்ந்தால் மரப்பு மருந்தும் தாயின் சம்மதமும் இன்றியமையாதவை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் கூறிற்று. அந்தச் சம்மதம் கேட்கப்பட்டதா என்று எந்தக் கதை கேட்டது?

சிசேரியனின் கதையும் இதுவே. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பேறுகளில் 44.9 விழுக்காடு அவ்வகையின. நம் சிறுகதைகளிலோ 'ஆபரேஷன்' என்றதும் கணவர் வராந்தாவில் உலாவுவார், கதவு திறக்கும், குழந்தை அழும். கதவுக்கு உள்ளே கதாசிரியர் போவதில்லை. சல்மா, பிள்ளைப்பேற்றால் வரியோடிய வயிற்றைக் கவிதையாக்கினார். இத்தகைய எழுத்தை நாணமற்றது என்று முகம் சுளித்தோர் உண்டு. நாம் அவர்களோடு சேரோம்.