பழைய கித்தாரின் பழுது நீக்கல்

புதுச்சேரியின் சமுத்திரக் காற்றுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரத்துக்கும் நெடுநாள் ஆட்பட்டு, முகப்பலகை உப்பி, தந்திகள் பூட்டிய குதிரை பசைவிட்டு எழும்பிக் கிடக்கும் கித்தாரைக் கண்டு, இனி அது விறகுக்கே உபயோகம் என்று விதிப்பவர்கள், சுருதி கூட்டிய ஆறு உருக்குத் தந்திகளும் அம்மெல்லிய பலகையைச் சுமார் 70 கிலோ பலத்துடன் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருப்பதைச் சிந்திப்பதில்லை.

அடுத்துள்ள ஆரோவிலில் ஸ்வரம் என்னும் பட்டறை 2003 முதல் வாத்தியங்கள் ஆக்கி வருவதால், மரத்தையும் நாதத்தையும் சேர்த்து எண்ணும் வழக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. கைதேர்ந்தவர் முதலில் தந்திகளைத் தளர்த்தி, மரத்தின் ஈரம் அடங்கும்வரை காத்திருந்து, சூடேற்றிய மெல்லிய தகட்டைக் குதிரையின் அடியில் நார் பிளவாதபடி மெள்ள மெள்ளச் செலுத்திப் பெயர்த்தெடுத்து, பழைய பசையை வெறும் மரம் தெரியுமட்டும் சுரண்டி, புதுப் பசையிட்டு, இடுக்கியால் இறுக்கி ஓரிரவு விட்டுவிடுகிறார். வட்டத் துவாரத்தின் வழியே கை நுழைத்து, கண்ணால் காணாமல் விரலால் தடவியே உட்சட்டங்களை ஒட்டுவதுதான், என் அபிப்பிராயத்தில், இவ்வித்தையின் உச்சம்.

அபிவிருத்தி செய்வதாயின், தந்தி தாங்கும் பிளாஸ்டிக் பட்டையை நீக்கி எலும்பில் இழைத்துப் பொருத்தலாம். பளபளக்கும் முறுக்காணிகள் சுருதியைக் காக்குமேயன்றி நாதத்தைக் கூட்டா. முதுகும் பக்கங்களும் ஈட்டி மரமாயின் பாக்கியமே. அமெரிக்காவின் மார்ட்டின் கித்தார் நிறுவனமே 1969-இல் பிரேசில் மரத்தை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது.